பின்னுக்குப் போகாத கார்

உதுதான் கார், தம்பி. படலையடியிலை நிண்டு என்ன சத்தம் உது, லொறியோ எண்டு கேட்டியளே, உந்தச் சத்தந்தான். முதல் ஒருக்கா இருமும், பேந்து ரண்டுதரம் செருமும், அதுக்குப் பிறகுதான் பிடிச்சு இப்பிடிப் படபடவெண்டு அடிக்கும். இருங்கோ, நிப்பாட்டிப்போட்டு வாறன். இல்லாட்டி நீங்கள் கேக்கிறது எனக்கு விளங்காது, நான் கத்துறது அயலுக்கெல்லாம் விளங்கும்.

ம். இப்ப சொல்லுங்கோ.

ஓம், நான்தான் ஸ்ராட் பண்ணினது. ஏன் சிரிக்கிறியள்? பொம்பிளை மிதிச்சால் என்ஜின் பிடிக்காதோ? அதுக்குப் பலம் தேவையில்லை தம்பி. மெல்லமா அமத்திப் பாத்து, உள்ளுக்கு முட்டுறது காலுக்குத் தெரியவேணும். தெரிஞ்ச உடனை ஒரே மிதி. இவர் காட்டித் தந்தவர். இடைக்கிடை ஓட்டி நிப்பாட்டாட்டி உப்புக்காத்து திண்டுபோடும். கடல் உந்தா, அந்தப் பனைகளுக்கு அங்காலை கிடக்கு.

நீங்கள் கரவெட்டியோ? நல்லது. அந்த வாங்கிலை இருங்கோ. நான் இந்த முருங்கையிலையை ஆஞ்சுகொண்டே கதைக்கிறன், குறை நினையாதையுங்கோ.

இல்லை, இவர் வீட்டிலை இல்லை. கடலாலை இன்னும் வரேல்லை. இவற்றை தமையன் சோமசேகரத்தாரும் ஒரு அலுவலாப் போட்டார், பொழுதுபடத்தான் வருவார். விலை நிலையெல்லாம் அவரோடை கதையுங்கோ, எனக்கு அது தெரியாது. காரைப் பற்றி என்ன வேணுமெண்டாலும் என்னட்டைக் கேளுங்கோ.

முதலே ஒண்டு சொல்லிப்போடுறன், பேந்து ஏமாத்திப்போட்டாளெண்டு சொல்லக்குடாது. இது பின்னுக்குப் போகாது. மோட்டச்சைக்கிள் என்ஜின்தானே, அதுக்கு ஏது ரிவேர்ஸ்? முன்னுக்கு எண்டால் காத்து. எங்கடை ஒடுங்கின ஒழுங்கையிலை முன்னாலை ஒரு மாட்டுவண்டில் வந்துதெண்டால் மட்டும் ஆராவது இறங்கித் தள்ளவேணும். நீங்கள் கலியாணம் கட்டியிட்டியளோ? இல்லையோ? அப்ப ஆர் தள்ளுவினம்? பகிடிக்குச் சொல்லேல்லைத் தம்பி. இவர் சனத்துக்குச் சொல்லுறதே அப்பிடித்தான். ஆரும் வந்து, கதிரவேலு, இதுக்கு ரிவேர்ஸ் எங்கையடாப்பா எண்டு கேட்டால், அந்தா குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு நிக்குது எண்டு என்னைக் காட்டுவார்.

இவருக்கு வேலை வள்ளப் பட்டறையிலை. மரவள்ளம் இல்லை, இப்பத்தைய பைபர் வள்ளம். அச்சுக்கு மேலை துணி விரிச்சு, அந்த நாத்தப் பசையைப் பூசிப் பூசி எடுக்கிறது. பின்னேரம் வீட்டை வந்தால் கை ரண்டும் சொறியச் சொல்லி ஊரும், உடுப்பெல்லாம் அந்த மணம். சோறு குடுத்தால் கையை மணந்து பாத்துப்போட்டுக் கரண்டி கேட்பார். அப்பிடி வந்த மனிசன் ஒருநாள், இஞ்சாரும், நான் ஒரு கார் கட்டப்போறன் எண்டார். நான் நினைச்சன் ஆருக்கும் திருத்திக் குடுக்கப்போறாராக்கும் எண்டு. இல்லை. தெற்கை, களுத்துறைப் பக்கம், பழைய பிளேன் ஓடுபாதையிலை கார் ஓட்டம் நடக்கிறதாம். வீட்டிலை கட்டின காரும் விடுவினமாம். இவர் ஒருக்கா லொறியிலை போகேக்கை இறங்கிப் பாத்திருக்கிறார். அண்டைக்குப் பிடிச்ச விசர்.

எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லைத் தம்பி. ஆனபடியால் அயலுக்கு வாய் நல்லாத் திறந்துது. பக்கத்து வளவு நாகேஸ்வரி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, என்னடி இராசமலர், தொட்டில் கட்டிற வயசிலை புருசன் இரும்புக் கட்டில் கட்டுறான் எண்டாள். ஓமடி, கட்டி முடிஞ்சால் உன்னைத்தான் முதல் அதிலை கிடத்துவன் எண்டன். ரண்டு கிழமை கதைபேச்சில்லை. பேந்து கார் ஓடின உடனை முதல் ஆளா வந்து நிண்டவளும் அவள்தான், தன்னை ஒருக்கா முனைப்பக்கம் ஏத்திக்கொண்டு போகச் சொல்லி.

காரின்ரை சட்டம் தண்ணிக்குழாய்தான். முன்சில்லும் ஸ்ரியறிங்கும் ஒரு பழைய ஒஸ்ரின் காரிலை கழட்டினது. என்ஜின் உந்த ரண்டு சிலிண்டர் ட்ரையம்ப். இறக்குமதி இல்லாத காலம், ஒரு சாமானும் கடையிலை வாங்கேலாது. ஒரு ஊரிலை செயின், இன்னொரு ஊரிலை பல்லுச்சில்லு. பண்டத்தரிப்பிலை ஒரு செத்த வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காறற்றை பழைய மோட்டச்சைக்கிளிலை இருந்து கார்புரேற்றர் கழட்டிக்கொண்டு வந்த மனிசன் இவர். கேட்டுத்தான் கழட்டினவர், களவில்லை. ஆனாலும் செத்த வீடு! நான் ஒப்பாரி வைச்சுக்கொண்டிருக்கிறன், இவர் பின்வளவாலை கையெல்லாம் கிறீசோடை வந்து, இஞ்சாரும், எழும்பும் போவம் எண்டுறார்.

வாங்கோ, கொட்டில் தட்டியைத் தூக்குவம். அந்தப் பக்கம் பிடியுங்கோ. மெல்ல.

எப்பிடி இருக்கு? ... ஓம். எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை. கவிட்டு வைச்ச வள்ளம். வள்ளம் கட்டின கை வேறை எதைக் கட்டும்? அந்தக் கதையைக் கேளுங்கோ. இவர் உடம்பு முழுக்க ஒரு கீறல் விடாமல் மூடிக் கட்டியிட்டார். அடி, பக்கம், என்ஜினுக்கு மேலை மூடி, ஒரு இடமும் மிச்சமில்லை. கட்டி முடிச்சு, உள்ளுக்கு வாளியாலை தண்ணி வாத்து, ஒரு சொட்டு ஒழுகுதோ எண்டு கீழாலை படுத்துக் கிடந்து பாக்கிறார். சோமசேகரத்தார் கேட்டார், தம்பி, நீ இதை ரோட்டிலை ஓடப்போறியோ, இல்லை இந்தியாவுக்கு விடப்போறியோ எண்டு.

முதல் ஓட்டம் தும்பளை றோட்டாலை. கோயிலைத் தாண்டேல்லை, என்ஜின் அப்பிடியே இறுகி நிண்டிட்டுது. மூடியைத் திறந்தால் அடுப்பு. மோட்டச்சைக்கிள் என்ஜினுக்குக் காத்துத்தானே குளிர்ச்சி, காத்துக்கு எங்கை வழி விட்டவர்? தண்ணி பூராமல் கட்டினதிலை காத்தும் பூரேல்லை. பட்டறையிலை இருக்கிற எந்தப் பொடியனைக் கேட்டாலும் ஓட்டை விடு எண்டு சொல்ல மாட்டான் தம்பி. அவையளுக்கு ஓட்டை எண்டால் சாவு.

இந்தா பாருங்கோ, இந்தப் பக்கத்து வெட்டுகள். செவுள் மாதிரி இருக்கே, இது நான் வெட்டினது. மெய்யா. இவர் அறுக்கிற வாளைக் கையிலை எடுத்து வைச்சுப் பாக்கிறார், வைச்சுப் பாக்கிறார், கை போகுதில்லை. தான் கட்டின உடம்பிலை தானே ஓட்டை போட ஏலாமல் கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. கடைசியிலை வாளை என்னட்டைத் தந்துபோட்டு, நீர் வெட்டும், நான் கடையடிக்குப் போட்டு வாறன் எண்டார். திரும்பி வந்து பாத்து, கோணலா வெட்டிப்போட்டீர் எண்டு வேறை குறை.

ஏறி இருங்கோ, ஏன் நிக்கிறியள்? கதவு இல்லை, காலைத் தூக்கிப் போடுங்கோ. ஆ, அப்பிடித்தான்.

என்ன, இடப்பக்கம் சரியுதோ? அது உங்கடை பிழை இல்லை. இவர் சின்ன வயசிலை வள்ளம் கட்டிற சாரத்தாலை விழுந்தவர், இடுப்பிலை இடப்பக்கம் கொஞ்சம் பதிவு. நடக்கேக்கை தெரியாது, குந்தேக்கைதான் தெரியும். அந்தச் சீற் இவற்றை உடம்பிலை அச்செடுத்தது. குளத்துக் களிமண்ணைக் குழைச்சுப் பெட்டி நிறையப் போட்டு, அதுக்குள்ளை இவர் குந்திக்கொண்டு இருந்தவர். அசையக்குடாதாம். அசைஞ்சால் அச்சுக் குழம்பிப்போமாம். களி இறுகுமட்டும் இருந்த இருப்பு. பசிக்குதெண்டார், புட்டுக் குழைச்சு வாயிலை தீத்தினன். மூக்கிலை இலையான் மொய்க்குதெண்டார், கலைச்சுவிட்டன். சிரிச்சிட்டன் நான். நீர் சிரிச்சால் எனக்கும் சிரிப்பு வருமப்பா, அச்சுப் போயிடுமப்பா எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கெஞ்சுறார். பேந்து அந்தக் குழிக்குள்ளை பைபர் துணியைப் போட்டு எடுத்ததுதான் உது. வலப்பக்கம் பின்னாலை ஏதோ குத்துமே? ஓம், ஸ்பானர். களுசான் பொக்கற்றுக்குள்ளை எந்த நேரமும் ஒரு சின்ன ஸ்பானர் கிடக்கும், எடுக்க மறந்து அதோடையே குந்திப்போட்டார். அதுவும் அச்சிலை விழுந்துபோச்சு.

அது சரி, அதைத்தான் நானும் சொல்ல இருந்தனான். கார் உங்களுக்கு. சீற் இல்லை. ... இல்லைத் தம்பி, விலைக்காகச் சொல்லேல்லை. என்ஜினைக் கொண்டுபோங்கோ, சில்லைக் கொண்டுபோங்கோ, அந்தக் கண்ணாடி கூடத் தாறன். சீற்றை விட்டுப்போட்டுத்தான் கொண்டுபோகவேணும். உங்களுக்கு உங்கடை உடம்புக்குத்தானே சீற் வேணும்? குளத்திலை களி கிடக்கு. புட்டுத் தீத்த ஒரு ஆளைப் பாருங்கோ, அவ்வளவுதான். இறங்குங்கோ இப்ப. காணும்.

இல்லை, கோவமில்லை. வாங்கோ, வந்து இருங்கோ.

ஓடினதோ? ஓடாமல்! வெங்காய லொறியிலை ஏத்திக்கொண்டு போனது. நானும் போனன். தமையனுக்கு அது பிடிக்கேல்லை, பொம்பிளைக்கு அங்கை என்ன வேலை எண்டார். இவர் சொன்னார், அண்ணை, ரிவேர்ஸை வீட்டிலை கழட்டி வைச்சுப்போட்டு எப்பிடிப் போறது எண்டு. அங்கை போனால் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கார், பளபளவெண்டு. இவற்றை காரைப் பாத்து ஒருத்தன் என்னவோ கேட்கிறான், சிங்களம். இவரும் சிரிச்சுக்கொண்டு தலையை ஆட்டுறார். பேந்துதான் சொன்னவை, மீன் எங்கை எண்டு கேட்டவனாம்.

நல்லாத்தான் ஓடினார் தம்பி. எனக்கு என்ன தெரியும், எண்டாலும் நேர் ஓட்டத்திலை ரண்டு மூண்டு பெரிய காரை விட்டுப்போட்டுப் போனது எனக்குத் தெரிஞ்சுது. நான் என்ன கத்தினனோ தெரியாது, அடுத்தநாள் தொண்டை இல்லை. பேந்து ஒரு திருப்பத்திலை சுழண்டு போய், காரின்ரை மூக்கு மண்மூட்டையிலை முட்டி நிண்டிட்டுது. என்ஜின் ஓடுது. ஆளுக்கு ஒண்டுமில்லை. ஆனால் பின்னுக்கு எடுக்க ஏலாது. மற்றக் காரெல்லாம் விர் விரெண்டு போகுது, இவர் அதுக்குள்ளை இருந்துகொண்டு திரும்பித் திரும்பிச் சனத்துக்குள்ளை என்னைத் தேடுறார்.

பாத்துக்கொண்டு நிப்பனோ? சாறியை இடுப்பிலை சொருகினன், கயித்துக்குக் கீழாலை பூந்தன். விசில் ஊதுறாங்கள், கொடியை ஆட்டுறாங்கள். மூக்கிலை பிடிச்சு ஒரே தள்ளு. இவர், காணும், காணும், கையை எடும் எண்டு கத்திப்போட்டு ஓடிப்போட்டார், என்னை நடு றோட்டிலை விட்டுப்போட்டு! ஸ்பீக்கரிலை ஒருத்தன் என்னவோ சொல்ல, சனமெல்லாம் எழும்பிக் கை தட்டுது. என்ன சொன்னவன் தெரியுமோ? இந்தக் காரின்ரை ரிவேர்ஸ் கியர் சாறி கட்டியிருக்கு எண்டு சொன்னவனாம். மெய்தான். இவர் அங்கை வாய் திறந்து ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ.

கடைசியாத்தான் வந்தது. ஆனால் முடிச்சார். வரேக்கை லொறிக்குப் பின்னாலை, வெறும் சாக்குக்கு மேலை, காருக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு வந்தம். அண்டைக்குத்தான் சொன்னார், உமக்கும் முழங்கால் நோகுது, இனி உம்மைத் தள்ள விடமாட்டன், ஒரு பழைய ஸ்ராட்டர் மோட்டரைப் பூட்டிப் பின்னுக்கு ஓட வைக்கிறன் எண்டு. நான் சொன்னன், வேண்டாம், பேந்து எனக்கு என்ன வேலை எண்டு. அந்த மோட்டர் அந்தா, அந்தப் பெட்டிக்குள்ளை. உரல் மாதிரிப் பாரம். அதையும் கொண்டுபோங்கோ. வேலை முடியேல்லை.

பட்டறையிலை முல்லைத்தீவு இன்னாசித்தம்பிக்கு ஒரு வள்ளம் கட்டினவை. அதுக்கு என்ஜின் பூட்டி, கடலாலை கொண்டுபோய்க் குடுக்கவேணும். இன்னாசித்தம்பியும் இவரும்தான் போனவை. கார்த்திகை மாசம். ... இல்லைத் தம்பி, இந்தக் கார்த்திகை இல்லை. போன கார்த்திகை.

நீங்கள் தெரியாமல்தானே வந்தனீங்கள். உங்களுக்கு ஆரும் சொல்லியிருக்க மாட்டினம். இருங்கோ. அப்பிடி முகத்தை மாத்தாதையுங்கோ. நீங்கள் வந்ததிலை இருந்து என்ரை நெத்தியைப் பாத்தியள், பொட்டைக் கண்டுதானே இவர் எப்ப வருவார் எண்டு கேட்டியள். அதிலை ஒரு பிழையும் இல்லை. நானும் பொய் சொல்லேல்லை. வரேல்லை எண்டுதான் சொன்னன்.

ஒண்டும் கிடைக்கேல்லைத் தம்பி. நல்ல காத்து அடிச்சது. பேந்து தேடாத கரையில்லை. வள்ளத்தின்ரை ஒரு துண்டு, ஒரு எண்ணைக் கலன், ஒரு செருப்பு, ஒண்டும் இல்லை. இவர் கட்டின வள்ளம், ஓட்டை இருந்திருக்காது. எண்டுதான் நான் இருந்தன். எங்கையோ இழுத்துக்கொண்டு போயிருக்கும், எங்கையோ ஒரு கரையிலை ஏறியிருப்பினம், பாசை தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு இருப்பார் எண்டு.

இன்னாசித்தம்பி வீட்டுக்காறர் வேதக்காறர். அவையள் பூசை ஒப்புக்குடுத்து, வளவுக்குள்ளை ஒரு சிலுவையும் நட்டுப்போட்டினம். அவன்ரை பெண்சாதி யசிந்தா என்னட்டை வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு, அக்கா, நீங்களும் அழுது முடியுங்கோ எண்டாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்பினன்.

எங்களுக்கு அப்பிடி இல்லைத் தானே. உடம்பைக் காணாமல் ஆர் என்னைப் பொட்டழி எண்டு சொல்லுறது? ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனால் ஆவணியிலை ஒரு கலியாண வீட்டுக்குப் போனன். குங்குமத் தட்டோடை ஒரு பிள்ளை வருகுது, ஒவ்வொருத்தருக்கா நீட்டிக்கொண்டு. எனக்கு முன்னாலை வந்து நிண்டிட்டுது. குடுக்கவும் தெரியேல்லை, குடுக்காமல் போகவும் தெரியேல்லை. தட்டு அப்பிடியே நிக்குது. பிள்ளை தாயைத் திரும்பிப் பாக்குது. தாய் கூரையைப் பாக்கிறாள். நானே தொட்டு வைச்சுக்கொண்டன். அந்தப் பிள்ளைக்காகத்தான் வைச்சன். அதுக்குப் பிறகு நான் ஒரு நல்லது கெட்டதுக்கும் போறதில்லை.

இப்ப தமையன்ரை மகள் குணலட்சுமிக்கு ஒண்டு பொருந்தி வந்திருக்கு. நல்ல இடம். மாப்பிளை பகுதி ஒண்டே ஒண்டுதான் கேக்கினமாம். பொம்பிளையின்ரை சித்தப்பா இருக்கிறாரோ, இல்லையோ? இருந்தால் சபைக்கு வரவேணும். இல்லாட்டிச் செய்யவேண்டியதைச் செய்துபோட்டு, செத்த வீட்டுத் துடக்குக் கழிஞ்சாப்போலை நாள் வைக்கவேணும். ரண்டுமில்லாமல் எப்பிடி எண்டு கேக்கினமாம். நியாயந்தானே. சோமசேகரத்தார் என்னட்டை வந்து அந்த வாங்கிலை, நீங்கள் இருக்கிற இடத்திலைதான், இருந்து மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைச்சுப்போட்டு எழும்பிப் போட்டார். தன்ரை தம்பியெல்லோ. அதைக் கேக்க வாய் வராது.

அந்தப் பெட்டைதான் வந்தது. வந்து என்ரை மடியிலை தலையை வைச்சுக்கொண்டு, சித்தி, எனக்குக் கலியாணம் வேண்டாம், நீங்கள் பொட்டோடை இருங்கோ எண்டுது.

என்ன செய்யிறது? காரைக் கொண்டுபோகச் சொல்லி உங்களுக்கு ஆள் அனுப்பினது அதுக்குப் பிறகுதான்.

நாளைக்கு வராதையுங்கோ தம்பி. நாளையிண்டைக்கு லொறியைக் கொண்டுவாங்கோ. நாளைக்கு ஐயர் வாறார். உடம்பில்லாட்டி, தர்ப்பைப் புல்லிலை ஆள்மாதிரிக் கட்டி, அதைச் சுடலைக்குக் கொண்டுபோய் நெருப்பு வைக்கிறதாம். எவ்வளவு பெரிசாக் கட்டுறதெண்டு கேட்டன். ஒரு முழம் காணும் பிள்ளை எண்டார். ஐயா, அவர் ஒரு முழ மனிசர் இல்லை எண்டன். கொட்டிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போய்ச் சீற்றைக் காட்டினன். இதுக்குள்ளை இருக்கக்கூடிய அளவுக்குக் கட்டித் தாருங்கோ எண்டன். குனிஞ்சு பாத்தார், கையாலை தடவிப் பாத்தார். பேந்து, அப்ப கனக்கப் புல்லு வேணும் எண்டார். தமையன் அந்தப் புல்லுக்குத்தான் போயிருக்கிறார். இடப்பக்கம் கொஞ்சம் பதிச்சுக் கட்டச் சொல்லியிருக்கிறன்.

சீற்றை எரிக்கமாட்டினம், அது எரிஞ்சால் நாறும். புல்லை அதிலை இருத்திச் சுடலைவரைக்கும் தூக்கிக்கொண்டு போவினம். இறக்கிப்போட்டு, சீற்றைத் திருப்பி வீட்டை கொண்டுவந்து தருவினம்.

ஏன் எழும்பிறியள்? தேத்தண்ணி வைக்கிறன் இருங்கோ. ... சரி, சரி. பொழுதும் படுகுது, கரவெட்டிவரைக்கும் சைக்கிள் உழக்கவேணுமே. படலையை இழுத்துச் சாத்திக்கொண்டு போங்கோ, ஆடு பூந்திடும்.

இந்த முருங்கையிலை முழுக்கப் பழுத்தலாக் கிடக்கு. பொறுக்கி எறிஞ்சுபோட்டுப் பாத்தால் ஒரு பிடிகூட வராது. பரவாயில்லை, எனக்குத்தானே.